ஓய்வுபெற்ற பொறியாளருக்குப் போட்ட நாற்காலி

என் பெரியம்மாவை அவள் வேலை பார்த்த நாளிதழில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "நடுப்பக்கம் வந்தாச்சா?" என்று கேட்பார்கள். "நடுப்பக்கம் இன்னைக்கு ஒரு மாதிரி இருக்கு, கிட்ட போகாதே" என்பார்கள். தலையங்கமும் கட்டுரைகளும் வாசகர் கடிதங்களும் வருகிற நடுப்பக்கத்துக்கு இருபத்தோரு வருடம் அவள்தான் பொறுப்பாக இருந்தாள். அந்தப் பொறுப்பு எப்படிப் போனது என்று பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். நான் எங்கள் வீட்டில் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பெரியம்மாவும் அம்மாவும் ஒரு தபால்காரரின் மகள்கள். பெரியம்மா கையில் எது கிடைத்தாலும் படிப்பாள், பொட்டலம் கட்டி வந்த காகிதத்தைக்கூட. அம்மா அதே காகிதத்தைச் சட்டை மாதிரியாக வெட்டுவாள். இரண்டு பேரும் வளர்ந்த பிறகும் அதே வேலையைத்தான் செய்தார்கள். அம்மா தையல் கடை வைத்தாள். பெரியம்மா இருபத்திரண்டு வயதில் பிழை திருத்துபவளாக நாளிதழில் சேர்ந்தாள்.

பிழை திருத்துபவரின் வேலை எழுத்துப் பிழையைப் பார்ப்பது. பெரியம்மா கருத்தையும் பார்த்தாள். ஒரு தலையங்கத்தின் ஓரத்தில், "மூன்றாம் பத்தி முதல் பத்தியை மறுக்கிறது. எது வேண்டும்?" என்று பென்சிலில் எழுதி அனுப்பினாள். தலையங்கம் எழுதியவர் அப்போதைய ஆசிரியர். அவர் கோபத்தில் அவளை வாசகர் கடிதப் பிரிவுக்குத் தள்ளினார். அந்தக் காலத்தில் அது தண்டனை. ஒரு நாளைக்கு நூறு கடிதம் வரும், அதில் எண்பது கோபமாக இருக்கும், மீதி இருபது கவிதையாக இருக்கும். பெரியம்மா ஆறு வருடம் அத்தனையையும் படித்தாள். அங்கே அவள் கண்டுபிடித்தது ஒன்றுதான். ஒரு விஷயத்தில் ஒரே பக்கத்துப் பேச்சை மட்டும் கேட்டவர்கள்தான் கடிதத்தில் அதிகமாக ஆச்சரியக்குறி போடுகிறார்கள்.

அதனால் நடுப்பக்கம் அவள் கைக்கு வந்ததும் ஒரு விதி வைத்தாள். திங்கட்கிழமை ஒரு கருத்து வந்தால் சனிக்கிழமைக்குள் அதற்கு எதிரான கருத்தும் வந்தாக வேண்டும். எதிர்க்கட்டுரை முதல் கட்டுரையைவிட ஒரு வரிகூடக் குறையக் கூடாது.

அவளுடைய அறை இரண்டாவது மாடியில் படிக்கட்டை ஒட்டி இருந்தது. ஒரே ஜன்னல், அதைத் திறந்தால் வண்டி நிறுத்துமிடத்தின் தகரக் கூரை. இரும்பு பீரோ ஒன்று, அதன் கதவு மூடாது. பழைய நாளிதழை நாலாக மடித்து இடுக்கில் செருகித்தான் நிறுத்தி வைத்திருந்தாள். மேசைமேல் பென்சில்கள், ஒரு தொலைபேசி. எழுதுகிறவர்கள் பயந்தது அந்தத் தொலைபேசிக்குத்தான். கட்டுரை அனுப்பியவரைக் கூப்பிட்டு அவருடைய வாக்கியத்தையே அவருக்கு மெதுவாகப் படித்துக் காட்டுவாள். படித்துவிட்டு, "இதுக்கு என்ன சார் அர்த்தம்?" என்பாள். அவள் கேலி செய்யவில்லை, நிஜமாகவே கேட்டாள். அதுதான் அவர்களால் தாங்க முடியவில்லை. ஒரு பேராசிரியர் யோசித்துப் பார்த்துவிட்டு, "அர்த்தம்னு ஒண்ணும் இல்லம்மா, ஒரு ஓட்டத்துல வந்துடுச்சு" என்று ஒப்புக்கொண்டார். ஒரு துறையின் செயலாளர் இரண்டு வாக்கியம் படித்துக் காட்டியதுமே கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் அந்தக் கட்டுரையில் இருந்த திட்டத்தையும் கைவிட்டார்.

இப்படியே ஊரில் ஒரு பேச்சு உண்டானது. நடுப்பக்கத்தில் வந்தால் நடக்கும் என்றார்கள். மருத்துவமனையில் சீட்டு கொடுக்கும் நேரம் ஏழு மணியானது நடுப்பக்கத்தால். வெயிலில் இருந்த பேருந்து நிறுத்தம் மரத்தடிக்கு நகர்ந்ததும் அப்படித்தான். மரத்தடியில் ஏற்கெனவே கடை போட்டிருந்த செருப்புக்காரர் நகரத்தான் வேண்டுமா என்று அந்தச் சனிக்கிழமையே இன்னொரு கட்டுரை வந்தது. அவருக்கும் மரத்தடியிலேயே ஓர் ஓரம் கிடைத்தது. பெரியப்பா மட்டும் இதிலெல்லாம் கலந்துகொள்ளவில்லை. அவர் விளையாட்டுப் பக்கத்தோடு நிறுத்திக்கொள்வார்.

விதி நல்ல விதிதான். ஆனால் எல்லாவற்றுக்கும் எதிர்க்கருத்து எழுத ஆள் கிடைக்காது. சாலை ஓரத்தில் மரம் நட வேண்டும் என்று ஒருவர் எழுதினால், நடக் கூடாது என்று எழுதி யார் கெட்ட பேர் வாங்குவார்கள்? அப்படி ஒரு வெள்ளிக்கிழமை மதியம் பக்கத்தில் முக்கால் பத்தி காலியாகக் கிடந்தது. நடுப்பக்கத்தை நான்கு மணிக்கு முடித்து அச்சுக்கு அனுப்பியாக வேண்டும். பெரியம்மா ஆசிரியரிடம் போய்ச் சொல்லிவிட்டு, தானே உட்கார்ந்து எழுதினாள். வேர்கள் சாக்கடையை உடைக்கும், எந்த மரம் என்று சொல்லாமல் நடுவது ஆபத்து என்று எழுதினாள். கீழே "ஓய்வுபெற்ற பொறியாளர்" என்று போட்டாள்.

ஏன் பொறியாளர் என்று ஒருமுறை அம்மாவே கேட்டிருக்கிறாள், எல்லாம் தெரிந்த பிறகு. மருத்துவர் என்று போட்டால் முழங்கால் வலிக்கு மருந்து கேட்டுக் கடிதம் வருமாம். வழக்கறிஞர் என்று போட்டால் இன்னொரு வழக்கறிஞர் சண்டைக்கு வருவாராம். ஓய்வுபெற்ற பொறியாளரை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், அவரே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார் என்று எல்லோருக்கும் தெரியும் என்றாள் பெரியம்மா.

பதினோரு வருடத்தில் ஓய்வுபெற்ற பொறியாளர் எழுபதுக்கு மேல் கட்டுரை எழுதினார். கோடை விடுமுறையை நீட்டக் கூடாது என்றார். ஒருவழிப் பாதை வேண்டும் என்றார். ஒருமுறை பறவைகளுக்கு எதிராகக்கூட எழுத வேண்டி வந்தது. அவரை வெறுத்தவர்கள் முதலில் அவரைத்தான் படித்தார்கள். குடியிருப்போர் சங்கம் ஒன்று அவரைத் தலைமை தாங்கக் கூப்பிட்டது. ஒரு வாசகர், ஐயாவுக்குக் கல்யாண வயதில் பையன் இருக்கிறானா என்று நாசூக்காக விசாரித்திருந்தார். ஆசிரியருக்கு உண்மை தெரியும், ஆனால் நாளாக ஆக அவர் அதை மறந்துவிட்டார். "நம்ம பொறியாளர் சொல்ற மாதிரி" என்று தலையங்கத்தில் எழுத ஆரம்பித்தார். பெரியம்மாவும் ஞாபகப்படுத்தவில்லை.

அம்மாவுக்குப் பொறியாளரைக் கண்டாலே ஆகாது. தையல் இயந்திரத்தின் பலகைமேல் நாளிதழை விரித்து வைத்துத் திட்டுவாள். பெரியம்மா எதிரே முக்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். அம்மா மூச்சு வாங்கும் இடைவெளியில், "ஏன், அதுல என்ன தப்பு?" என்று மட்டும் கேட்பாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நகராட்சி ஓர் அறிவிப்பு ஒட்டியது. பேருந்து நிலையத்திலிருந்து மருத்துவமனைக்குப் போகும் சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள். கிழக்குப் பக்கத்தில் எட்டு அடி எடுப்பார்கள். அம்மாவின் கடை கிழக்குப் பக்கம். அது தாத்தா விட்டுப்போன வீட்டின் முன்னறை. பெரியம்மா தன் பங்கை அம்மாவுக்கே எழுதிக் கொடுத்திருந்தாள். முன்னறையின் ஆழம் பதினோரு அடி. எட்டு போனால் மூன்று. பின்னால் இருப்பது சமையலறையும் படுக்கும் இடமும், அங்கே வாடிக்கையாளர்களை உட்கார வைக்க முடியாது. மூன்று அடியில் தையல் இயந்திரம் நிற்கும், தைக்கிறவள் உட்கார முடியாது. அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த இயந்திரத்தால்தான்.

அம்மா அன்றைக்கே பெரியம்மாவிடம் போனாள். "அக்கா, நீ எழுதுக்கா. நீ எழுதினா நடக்கும்."

தன் குடும்பத்துக்கு ஆதாயம் இருக்கிற விஷயத்தில் தான் எழுத முடியாது என்று பெரியம்மா சொல்லிவிட்டாள். அம்மா அதற்கு, ஊருக்கெல்லாம் எழுதுகிற கை கூடப்பிறந்தவளுக்கு மட்டும் மரத்துப் போகுமோ என்று கேட்டாள்.  அடுத்த நாளே பெரியம்மா, அம்மா கடைக்கு நாலு கடை தள்ளி இருக்கும் மருந்துக்கடைக்காரரை எழுத வைத்தாள். அவருக்கு எழுத வராது. ஆறு முறை தொலைபேசியில் கூப்பிட்டு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அர்த்தம் கேட்டு, கடைசியில் நல்ல கட்டுரை ஒன்றை அவரிடமிருந்து பிடுங்கினாள். நாற்பத்து மூன்று கடைகள், அவற்றை நம்பி இருக்கும் குடும்பங்கள், மேற்குப் பக்கத்தில் காலியாகக் கிடக்கும் அரசு நிலம் எல்லாம் அதில் வந்தது. திங்கட்கிழமை அச்சானது. அம்மா அதைக் கத்தரித்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டினாள்.

இப்போது சனிக்கிழமைக்குள் எதிர்க்கருத்து வர வேண்டும். நகராட்சிப் பொறியாளர்கள் பத்திரிகையில் எழுதக் கூடாது. பேருந்து முதலாளிகள் பேசுவார்கள், எழுத மாட்டார்கள். எழுதுகிறேன் என்று சொன்ன ஒரு மருத்துவருக்கு வெள்ளிக்கிழமை காலையில் பல்வலி வந்துவிட்டது. மணி இரண்டானது. ஆசிரியர் எட்டிப் பார்த்து, ஒரு வாரம் விட்டால் குடி முழுகிவிடாது, விளம்பரம் போட்டு நிரப்புங்கள் என்றார். இருபத்தோரு வருடத்தில் ஒரு வாரம்கூட விட்டதில்லை என்று பெரியம்மா சொன்னாள். விட்ட முதல் வாரம் தங்கைக்காக விட்டதாக இருக்கக் கூடாது என்பது அவள் மனதில் இருந்தது. இதைப் பிறகு அவளே சொன்னாள்.

வேண்டுமென்றே மோசமாக எழுதுவது என்று முடிவு செய்துகொண்டுதான் உட்கார்ந்தாள். மூன்று பத்தி பலவீனமாக எழுதினாள். பிறகு வழக்கம்போல் பென்சிலை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து படித்தாள். முதல் பத்தியில் ஒரு வாக்கியத்துக்கு அர்த்தம் இல்லை. அதைத் திருத்தினாள். திருத்தியதும் இரண்டாவது பத்தி நொண்டியது. அதையும் திருத்தினாள். மருத்துவமனைச் சீட்டு விவகாரத்தின்போது ஒருநாள் அவள் ஆம்புலன்ஸில் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறாள். பேருந்து நிலையத்திலிருந்து மருத்துவமனைக்குப் பத்தொன்பது நிமிடம் ஆனது. அந்தக் குறிப்பு பீரோவில் இருந்தது. மேற்குப் பக்கத்து அரசு நிலத்துக்கு அடியில் குடிநீர்க் குழாய் போகிறது என்பதும் அவளுக்குத் தெரியும். அதுவும் கட்டுரைக்குள் வந்து உட்கார்ந்தது. மூன்றே முக்காலுக்குக் கடைசி வரி வந்தது. "கடை காத்திருக்கும், மூச்சு காத்திருக்காது." அவள் அதை அடிக்கப் பார்த்தாள். அடிக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

சனிக்கிழமை ஊர் முழுக்க அந்த வரிதான். தேநீர்க் கடையில் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவர் அதை வண்டியின் பின்னால் எழுதிக்கொண்டார். மருந்துக்கடைக்காரர் வந்து, "நான் எழுதினதைவிட இது நல்லாயிருக்கே, எனக்கே அகலப்படுத்தலாம்னு தோணுது" என்று அம்மாவிடம் வருத்தப்பட்டார்.

அம்மா அன்று பொறியாளரை வழக்கத்தைவிட நீளமாகத் திட்டினாள். அவன் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது, அந்தத் தெருவை முதலில் அகலப்படுத்தட்டும் என்றாள். எட்டு அடி என்றால் எவ்வளவு என்று டேப்பால் அளந்து காட்ட அவன் கையில் கிடைக்க வேண்டும் என்றாள். பெரியம்மா எதிரே முக்காலியில் இருந்தாள். இந்த முறை, அதில் என்ன தப்பு என்று கேட்கவில்லை.

"நீ என்னக்கா வாயே திறக்கல?"

"நல்லாதான் எழுதியிருக்கான்" என்றாள் பெரியம்மா.

"உனக்கு யாரு எழுதினாலும் நல்லாதான் இருக்கும். வீடு இடிஞ்சா எத்தன கல்லு விழுந்துச்சுன்னு எண்ணுவ நீ."

அடுத்த மாதம் நகராட்சிக் கூடத்தில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம், காலை பத்தரை மணிக்கு. பிளாஸ்டிக் நாற்காலிகள், பேசினால் இரண்டு தடவை கேட்கும் ஒலிபெருக்கி, குறிப்பெடுக்க ஓர் எழுத்தர். முதல் வரிசையில் ஒரு நாற்காலிக்கு மட்டும் துணி உறை போட்டு, முதுகில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். அதில் "ஓய்வுபெற்ற பொறியாளர்" என்று எழுதியிருந்தது. ஆணையர் அவருக்கு நாளிதழ் முகவரியிட்டு அழைப்புக் கடிதம் அனுப்பியிருந்தார். அந்தக் கடிதம் பெரியம்மாவின் மேசை இழுப்பறையில் இருந்தது. அவள் மூன்றாவது வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

கடைக்காரர்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஆணையர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறியாளரின் கட்டுரையை எடுத்து முழுவதும் வாசித்தார். இந்த ஊரில் எந்த லாபமும் எதிர்பார்க்காமல் யோசிக்கிற ஒரே மனிதர் இவர்தான், இவர் சொல்வதற்குப் பதில் இருந்தால் சொல்லுங்கள் என்றார்.  அவரே வந்திருந்தால் நன்றாக இருக்கும், வந்திருக்கிறாரா என்று கேட்டார். எல்லோரும் அந்த நாற்காலியைப் பார்த்தார்கள். அம்மா மட்டும் கழுத்தில் கிடந்த அளவு டேப்பைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள். வந்தால் ஒரு கை பார்ப்பது என்று இருந்தாள்.

பெரியம்மா எழுந்து நின்றாள்.

"அவர் வரமாட்டார் சார். அந்தக் கட்டுரையை எழுதினது நான்தான். அப்படி ஒரு ஆளே இல்ல."

ஒலிபெருக்கியில் பேசாததால் அது ஒரு தடவைதான் கேட்டது. மருந்துக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். அம்மா திரும்பவில்லை.

ஆணையர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கோபப்படுகிற ஆள் இல்லை. "சரிம்மா. யார் எழுதினா என்ன? இதுல எந்த விவரம் தப்பு, அதைச் சொல்லுங்க."

"எதுவும் தப்பில்ல."

"பத்தொன்பது நிமிஷம்?"

"நானே வண்டியில போய்ப் பார்த்தது."

"குழாய்?"

"இருக்கு சார்."

"அப்புறம் எதுக்கும்மா எழுந்தீங்க?"

 ஊரில் பாதிப் பேரை அர்த்தம் கேட்டு நிற்க வைத்தவள் பெரியம்மா. இப்போது அவளிடம் கேட்கிறார்கள்.

"அந்த ஆளுக்குத் தங்கச்சி இல்ல சார்" என்றாள். "எனக்கு இருக்கு."

இதைக் குறிப்பில் எழுதட்டுமா என்று எழுத்தர் கேட்டார். வேண்டாம் என்றார் ஆணையர்.

பெரியம்மாவும் அம்மாவும் ஒரே பேருந்தில்தான் திரும்பினார்கள்.  மூன்று நிறுத்தம் தாண்டியதும் அம்மா ஜன்னலைப் பார்த்தபடி, "பதினோரு வருஷமா அவனை உன் முன்னாலதானே திட்டினேன்" என்றாள்.

"ஆமா. நீ திட்டுறதை வெச்சுத்தான் அடுத்த கட்டுரையில ஓட்டையை அடைப்பேன்."

அம்மா அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டாள். அது எங்கள் நிறுத்தம் இல்லை.

பெரியம்மா அன்று மதியமே நாலு வரி எழுதி நடுப்பக்கத்தில் போட்டாள். ஓய்வுபெற்ற பொறியாளர் என்ற பேரில் வந்த எல்லாவற்றையும் எழுதியது இந்தப் பக்கத்தின் பொறுப்பாளர்தான், வாசகர்களிடம் சொல்லாதது தவறு என்று எழுதினாள். ஆசிரியருக்குப் பெரிய அதிர்ச்சி. பெரியம்மாமேல் கோபம் இருந்தது, அதைவிடப் பொறியாளர் போய்விட்டாரே என்ற துக்கம் அதிகமாக இருந்தது. பொறியாளருக்கு ஒரு மாரடைப்பு வந்ததாகப் போட்டு கௌரவமாக முடித்திருக்கலாமே என்றார். பிறகு நடுப்பக்கத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, பெரியம்மாவை "இன்றைய நிகழ்ச்சிகள்" பத்திக்கு அனுப்பினார். எந்த மண்டபத்தில் எத்தனை மணிக்கு என்ன கூட்டம் என்று போடுகிற பத்தி அது. இருநூற்றுச் சொச்சம் கடிதம் வந்தது. பாதிக்கு மேல், யார் எழுதினாலும் பரவாயில்லை, பொறியாளரைத் தொடர்ந்து எழுதச் சொல்லுங்கள் என்றுதான் இருந்தது.

அம்மா இரண்டு மாதம் அக்காவோடு பேசவில்லை. முக்காலியைச் சமையலறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

அதன் பிறகு நகராட்சி உத்தரவு வந்தது. சாலை அகலப்படுத்தப்படும். ஆனால் எட்டு அடி என்று இருந்த இடத்தில் ஏழு அடி என்று இருந்தது. காரணம் எதுவும் எழுதவில்லை. மருந்துக்கடைக்காரர் தன் கட்டுரையால்தான் என்றார். சாலைக்குக் கீழே போகும் வடிகாலின் வரைபடத்தை மாற்றினார்கள், அதனால்தான் என்று நகராட்சியில் வேலை பார்ப்பவர் ஒருவர் சொன்னார். ஏன் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அம்மா உத்தரவை மடித்து வைத்துவிட்டு டேப்பை எடுத்தாள். முன்னறையின் பின்சுவரிலிருந்து நாலு அடி அளந்து, தரையில் சாக்பீஸால் கோடு போட்டாள். கோட்டுக்கு உள்ளே நின்று பார்த்தாள். பிறகு பெரியம்மாவுக்கு ஆள் அனுப்பினாள். சுவர் கட்டி முடிந்ததும் இயந்திரத்தைத் திருப்ப வேண்டும், ஒருத்தியால் முடியாது, வந்து பிடி என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

சுவர் இடித்துக் கட்டி முடித்த வாரம் பெரியம்மா வந்தாள். இரண்டு பேரும் இயந்திரத்தைக் குறுக்கே போட்டுப் பார்த்தார்கள், கதவு திறக்கவில்லை. நீளவாக்கில் போட்டால் மிதிக்கிற கால் தெருவில் இருந்தது. கடைசியில் பின்சுவரைப் பார்த்தபடி போட்டதும் சரியாக உட்கார்ந்தது. நாற்காலிக்கும் இடம் இருந்தது, நாலு விரல் மிச்சம். அம்மா உட்கார்ந்து மிதித்துப் பார்த்தாள். ஓடியது.

"இப்படி உட்கார்ந்தா தெருவுக்கு முதுகைக் காட்டணும்" என்றாள். "யாரு வர்றா, யாரு போறான்னே தெரியாது."

"நான் வேணா சாயங்காலம் வந்து வெளிய நிக்கிறேன். யாராவது வந்தா சொல்றேன்" என்றாள் பெரியம்மா.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம் தாயே. நீ சொன்னதெல்லாம் போதும். போய் ஒரு கண்ணாடி வாங்கிட்டு வா."

பெரியம்மா போய், பேருந்துகளின் பக்கத்தில் மாட்டுகிற கண்ணாடி ஒன்றை வாங்கி வந்தாள். இயந்திரத்துக்கு மேலே சுவரில் ஆணி அடித்து, அம்மா சொன்ன பக்கமெல்லாம் திருப்பித் திருப்பி மாட்டினாள். அம்மா ஊசியில் நூலைக் கோர்த்துக்கொண்டே அதில் தெருவைப் பார்த்தாள். இரண்டு பேருந்துகள் எதிரெதிரே உரசாமல் போயின. சாலை நன்றாகத்தான் இருக்கிறது, தான் அதை இல்லை என்று சொல்லவில்லை என்றாள்.